தரையில் இருந்து எழும்புவதற்கு

கிளிவெட்டியில் முதியோர் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆச்சி மட்டும் சுவரோரமாக இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. என்னுடன் தனியாக ஏதோ கதைக்கப் போகிறார் என்று நினைத்து நானும் பக்கத்தில் போய் இருந்தேன். பிள்ளைகளின் பிரச்சினையாக இருக்கலாம், காணிப் பிரச்சினையாக இருக்கலாம், அஸ்வெசும விண்ணப்பமாகவும் இருக்கலாம். எங்கள் வேலையில் கூட்டம் முடிந்த பிறகுதான் உண்மையான கூட்டம் தொடங்கும்.

"ஒண்டும் இல்ல புள்ள. எல்லாரும் போகட்டும் எண்டுதான் இரிக்கன். நான் எழும்புறத ஆரும் பாக்கக் கூடா" என்றார் அவர்.

எல்லோரும் போன பின் அவர் எழும்பினார். முதலில் ஒரு பக்கமாகச் சரிந்து இரண்டு கைகளையும் ஊன்றினார். பிறகு குழந்தை தவழ்வது போல நாலு காலில் நின்றார். சுவரைப் பிடித்து, யன்னல் கட்டைப் பிடித்து, மூன்றாம் தடவையில் நிமிர்ந்தார். சேலையைச் சரிசெய்துவிட்டு ஒன்றுமே நடவாதது போல செருப்பைத் தேடினார். எத்தனை கூட்டங்களில் அவர் இப்படிக் கடைசியாகப் போயிருப்பார் என்று அன்றுதான் யோசித்தேன். நான் கவனித்ததே இல்லை.

அடுத்த கூட்டத்தில் அவர் பெயரைச் சொல்லாமல் பொதுவாகக் கேட்டேன்: "தரையில இருந்து ஒண்டையும் பிடிக்காம எழும்பக் கூடியவங்க எத்தினை பேர்?" முதலில் சிரிப்பு வந்தது. பிறகு மௌனம். பிறகு ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார்கள். மலசலகூடத்தில் குந்தினால் எழும்ப முடியாமல் வாளியைப் பிடித்து எழும்புவதாக ஒருவர் சொன்னார். இரவில் பாயில் இருந்து எழும்பப் பயந்து, பின்னேரத்தோடு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டதாக இன்னொருவர் சொன்னார். தண்ணீர் குடிக்காததால் அவருக்குச் சலக்கடுப்பு. அதற்கு வேறு மருந்து. கோயிலில் விழுந்து கும்பிட்டுப் பல வருடம் ஆகிறது என்று சொன்னவர் அதைச் சொல்லும்போது அழுதார்.

ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா என்று கேட்டால், எல்லோரும் போயிருக்கிறார்கள். "உடற்பயிற்சி செய்யச் சொன்னவங்க" என்பதுதான் எல்லோரும் கொண்டுவந்த பதில். என்ன பயிற்சி, எங்கே, எப்படி என்பது அந்த நெரிசலில் சொல்லப்படுவதில்லை. நாம் குறை சொல்லவும் முடியாது. ஒரு வைத்தியருக்கு முன்னால் அத்தனை பேர் நிற்கிறார்கள்.

இந்தக் கட்டுரை அந்த "உடற்பயிற்சி செய்யுங்க" என்ற சொல்லைக் கிளிவெட்டியில் நாங்கள் எப்படிப் புரிந்துகொள்ள முயன்றோம் என்பதைப் பற்றியது. நான் வைத்தியர் அல்ல. சமூகவியல் படித்தவள். ஆனபடியால் திருகோணமலையில் உள்ள ஒரு இயன்மருத்துவரிடம் பல தடவை கேட்டும், வாசித்தும், பிழைவிட்டும்தான் கற்றுக்கொண்டேன்.

நடந்து தேய்ந்ததும் இருந்து இறுகியதும்

எமது பிரதேசத்து மூத்த பெண்கள் உடம்பு வளையாமல் வளர்ந்தவர்கள் அல்லர். நாற்று நட்டவர்கள், அருவி வெட்டியவர்கள், சூடடித்தவர்கள், இடுப்பில் குடம் சுமந்தவர்கள். அதற்கு மேல் யுத்தம். 2006 ஏப்ரலில் சம்பூர்ப் பக்கத்தில் குண்டு விழுந்தபோது வெளிக்கிட்ட குடும்பங்கள் வெருகலுக்கும் வாகரைக்கும், பிறகு மட்டக்களப்புக்கும் போனார்கள். நடந்த தூரத்தை அவர்கள் கிலோமீட்டரில் சொல்வதில்லை, எந்த இடத்தில் யாரைத் தூக்கிக்கொண்டு நடந்தோம் என்றுதான் சொல்வார்கள். 2007இல் திருப்பிக் கொண்டுவரப்பட்டபோது ஊருக்குப் போக விடவில்லை. சம்பூர் உயர்பாதுகாப்பு வலயமாகிவிட்டது. கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் மணற்சேனையிலும் தகரக் கொட்டில்களில் இருந்தார்கள். காணிகள் விடுபடத் தொடங்கியது 2015இல். கடற்படை முகாம் இருந்த பகுதி 2016இல் தான் விடுபட்டது.

அந்த எட்டு ஒன்பது வருடம் என்ன நடந்தது என்பதைப் பலர் அரசியலாக எழுதியிருக்கிறார்கள். உடம்புக்கு என்ன நடந்தது என்று யாரும் எழுதவில்லை. வயல் இல்லை, வளவு இல்லை, மாடு இல்லை. தகரத்தின் சூட்டில் பகல் முழுவதும் மரநிழலில் குந்தியிருப்பதுதான் வேலை. நாற்பத்தைந்து ஐம்பது வயதில் முகாமுக்குள் போன பெண், அறுபதை நெருங்கும்போது வெளியே வந்தார். தசை கரைகிற வயதை முகாமில் இருந்தே கழித்துவிட்டார். ஒரு அம்மா எனக்கு இதை ஒரே வசனத்தில் சொன்னார்: "நடந்து நடந்து தேஞ்சது பாதி, இருந்து இருந்து இறுகினது பாதி."

இரண்டுமே சரி. முழங்காலுக்குள் எலும்பின் நுனிகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்குத் தனியான இரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் இருந்துதான் அது போசாக்கை எடுக்கிறது. நாம் காலை ஊன்றும்போது அது அமுங்குகிறது, விடும்போது ஊறுகிறது. ஆகவே அசையாத முழங்காலுக்குச் சாப்பாடும் குறைவு. நோகிறது என்று அசைக்காமல் விட்டால், முழங்காலைத் தாங்கும் தொடைத் தசை மெலிகிறது. தசை மெலிந்தால் பாரம் முழுவதும் மூட்டில் விழுகிறது, இன்னும் நோகிறது. "தேய்ஞ்ச முழங்கால ஆட்டினா இன்னும் தேயும்" என்று எங்கள் பெண்கள் நம்புவது விளங்கிக்கொள்ளக்கூடிய நம்பிக்கை. ஆனால் பிழையான நம்பிக்கை.

அதற்காக ஓடவோ துள்ளவோ சொல்லவில்லை. மூட்டில் அடி விழாத அசைவுகள்தான் தேவை. ஒரு கால் எப்போதும் நிலத்தில் இருக்கவேண்டும், அல்லது கதிரை பாரத்தைத் தாங்கவேண்டும், அல்லது தண்ணீர் தாங்கவேண்டும். இவ்வளவுதான் அடிப்படை.

நான் விட்ட பிழைகள்

முதல் நாள் ஒரு கைநூலைப் பார்த்து, குந்தி எழும்பும் பயிற்சியோடு தொடங்கினேன். அடுத்த கூட்டத்துக்குப் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களில் ஒருவர், "மூணு நாள் எண்ணெய் பூசினன் புள்ள, உனக்கு ஏசாம" என்றார். முழங்கால் ஏற்கனவே தேய்ந்தவர்களுக்கு ஆழமாகக் குந்துவது ஆரம்பப் பயிற்சி அல்ல என்று இயன்மருத்துவர் பிறகுதான் எனக்கு விளங்கப்படுத்தினார்.

இரண்டாவது பிழை அதைவிடப் பெரியது. முன்னால் நின்றுகொண்டு, "ரெண்டு கையையும் மேல தூக்குங்க" என்றேன். எல்லோரும் தூக்கினார்கள். "இறக்குங்க" என்றேன். ஒரு அம்மா மட்டும் இறக்கவில்லை. கையைத் தூக்கியபடியே, நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்றவர் அவருடைய கையைப் பிடித்து மெல்ல இறக்கி, கூட்டிக்கொண்டு போய் இருத்தினார். 1990இல் ஒரு சுற்றிவளைப்பில் அவர் அப்படி நின்றிருக்கிறார். அன்று கூட்டிக்கொண்டு போன மகன் திரும்பி வரவில்லை.

குமாரபுரம் கிளிவெட்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1996 பெப்ரவரி 11இல் அங்கே நடந்த படுகொலையை இந்த மண்ணில் யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. இப்படிப்பட்ட ஒரு இடத்தில் "கையைத் தூக்கு", "வரிசையில் நில்", "குப்புறப் படு" என்று கட்டளையிடுவதும், விசில் ஊதுவதும் என்னவாக இருக்கும் என்பதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். இப்போது வரிசை இல்லை, வட்டமாக இருக்கிறோம். கட்டளை இல்லை. "உயரத்தில இருக்கிற மாங்காயை எட்டிப் பிடுங்குவம், ஒரு கையால" என்கிறோம். அதே தோள்தான் அசைகிறது. கதவுக்கு முகம் கொடுத்து இருக்க விரும்புபவர்கள் அப்படியே இருக்கலாம். படுத்துச் செய்யும் பயிற்சிகளை வீட்டில் தங்கள் பாட்டில் செய்யச் சொல்லிவிட்டோம். முதியோருக்குப் பயிற்சி பழக்கும் வேறு சகோதரிகள் யாராவது இதை வாசித்தால், வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கதிரை

கடைசியில் எல்லாவற்றுக்கும் அடிப்படையாக அமைந்தது ஒரு பிளாஸ்ரிக் கதிரை. அதுவும் கைபிடி உள்ள, கால் வெடிக்காத கதிரை. பின்பக்கம் சுவரில் முட்டும்படி வைக்கவேண்டும், இல்லாவிட்டால் சீமெந்துத் தரையில் வழுக்கும்.

கதிரையின் முன்பாதியில் இருங்கள். பாதங்கள் இரண்டும் நிலத்தில் பதிய, முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். உடம்பை முன்னுக்குச் சாயுங்கள், மூக்கு பெருவிரலுக்கு நேரே வரும் அளவுக்கு. பிறகு எழும்புங்கள். மூச்சை அடக்க வேண்டாம், எழும்பும்போது ஊதி விடுங்கள். இருக்கும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக இருங்கள். தொடை உரம் பெறுவது எழும்பும்போது மட்டுமல்ல, மெதுவாக இருக்கும்போதும்தான். முதல் வாரம் கைபிடியை ஊன்றலாம். கதிரை தாழ்வாக இருந்தால் தலையணை ஒன்றைப் போட்டு உயர்த்தலாம். ஐந்து தரம், கொஞ்சம் ஆறுதல், மீண்டும் ஐந்து தரம்.

இது சின்ன விடயமாகத் தெரியலாம். ஆனால் உலகத்தில் பல இடங்களில் முதியோரின் கால் பலத்தை அளப்பதே இதை வைத்துத்தான். கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு, அரை நிமிடத்தில் எத்தனை தரம் எழும்புகிறார் என்று எண்ணுவார்கள். எழுபது தொடக்கம் எழுபத்து நான்கு வயதுப் பெண் பத்துத் தரத்துக்குக் குறைவாக எழும்பினால் விழக்கூடிய ஆபத்து உண்டு என்று கணிப்பார்கள். எங்கள் வட்டத்தில் தொடக்கத்தில் ஒரு தரம்கூடக் கை ஊன்றாமல் எழும்ப முடியாதவர்கள் இருந்தார்கள்.

இந்த வயதில் தசை வளருமா என்பது நியாயமான கேள்வி. 1990இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் முதியோர் இல்லம் ஒன்றில் இருந்த 86 தொடக்கம் 96 வயதான பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் தசைக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். முடித்த ஒன்பது பேரின் கால் பலம் சராசரியாக இரண்டரை மடங்குக்கு மேல் போனது. இரண்டு பேர் ஊன்றுதடியை வைத்துவிட்டு நடந்தார்கள். இதை நான் சொன்னபோது ஒரு ஆச்சி, "அவங்களுக்கு நல்ல சாப்பாடு இருந்திருக்கும்" என்றார். அதுவும் உண்மைதான். பருப்பு, முட்டை, நெத்தலி, கௌபி இவற்றில் ஏதாவது ஒன்று தட்டில் இல்லாமல் தசை கட்டாது. வீட்டில் முட்டை எப்போதும் பேரப்பிள்ளைக்கும் ஆம்பிளைக்கும்தான் போகிறது என்பது தனியாக எழுதவேண்டிய விடயம்.

கதிரையில் இருந்தபடி காலை நீட்டி ஐந்து எண்ணும்வரை வைத்திருப்பது, குதியை உயர்த்தி இறக்குவது, யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பாதத்துக்கு முன்னால் மற்றப் பாதத்தை வைத்துச் சமநிலை பார்ப்பது ஆகியவற்றைப் பிறகு சேர்த்தோம். 65 வயதுக்கு மேற்பட்டோர் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் உரப் பயிற்சியும் செய்யவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. விழுந்து இடுப்பு முறிந்தால் எங்கள் வீடுகளில் பார்க்க ஆள் இல்லை. மகள் குவைத்திலோ டுபாயிலோ இருப்பாள்.

நடையும் தண்ணீரும்

நடப்பது நல்லது. ஆனால் "பத்தாயிரம் அடி நடக்க வேணும்" என்று தொலைபேசியில் பார்த்துவிட்டு வந்து பிள்ளைகள் பயமுறுத்துகிறார்கள். அந்தக் கணக்கு 1965 அளவில் யப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பதற்காக வைத்த பெயரில் இருந்து வந்தது. 2019இல் அமெரிக்காவில் சராசரியாக 72 வயதான பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பார்த்த ஆய்வில், நாளொன்றுக்கு 4,400 அடியளவில் நடந்தவர்களிடமே, 2,700 அடி நடந்தவர்களை விட இறப்பு 41 வீதம் குறைவாக இருந்தது. 7,500க்கு மேல் நடந்ததால் கூடுதல் நன்மை தெரியவில்லை. வீட்டு வேலையோடு நடப்பதும் அதில் அடங்கும்.

எங்கே நடப்பது என்பதுதான் எங்கள் பிரச்சினை. வீதியில் டிப்பர் ஓடுகிறது. வரம்பு ஒடுக்கம், வழுக்கும். யானை வரும் காலத்தில் விடியுமுன் வெளிக்கிடக் கூடாது. எங்கள் பெண்கள் தாங்களாகவே கண்டுபிடித்த இடம் கோயில் வீதி. சமதரை, மரநிழல், இருந்து ஆறக் கட்டு, கேட்பவர்களுக்குச் சொல்ல "சாமி சுத்துறன்" என்ற மறுமொழி. இரப்பர் செருப்பு தேய்ந்து வழுக்கினால் பின்வார் உள்ள செருப்பாக மாற்றவேண்டும். தடி பிடிப்பவர்கள் நோகிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்கவேண்டும். வலது முழங்கால் நோகிறது என்றால் தடி இடது கையில். நான் பார்த்தவரையில் அநேகமானோர் இதை மாறித்தான் பிடிக்கிறார்கள்.

இடுப்பளவு தண்ணீரில் நின்றால் உடம்பின் பாரம் ஏறக்குறைய பாதியாகக் குறையும். வெளிநாடுகளில் இதற்கென்றே நீச்சல் தடாகத்தில் வகுப்பு வைக்கிறார்கள். எங்களுக்கு ஆறும் வாய்க்காலும் உண்டுதான். ஆனால் முதலையும் உண்டு, இழுப்பும் உண்டு. 2004க்குப் பிறகு கடலைச் சிலர் திரும்பியும் பார்ப்பதில்லை. ஆகவே அதை விட்டுவிட்டோம்.

கும்மி அடிக்கலாமா?

ஒரு நாள் பயிற்சி அலுத்துப்போனபோது ஒருவர், "இதுக்குக் கும்மி அடிச்சாலும் சரிதானே" என்றார். சரிதான். குனியாமல், துள்ளாமல், நிமிர்ந்து நின்று மெதுவாக அடி வைத்துக் கை தட்டும் கும்மி, சீனாவில் முதியோர் செய்யும் தை சி போன்றதுதான். 2016இல் வெளியான ஒரு ஆய்வில், முழங்கால் தேய்வு உள்ளவர்களுக்கு அந்தத் தை சி, இயன்மருத்துவம் தருகிற அளவு பலனைத் தந்திருந்தது.

ஆனால் வட்டத்தில் பாதிப் பேர் எழும்பவில்லை. "தாலி அறுத்தவள் கும்மி அடிக்கிறதா? ஊர் என்ன சொல்லும்?" எங்கள் சங்கத்தில் கணவன் இருப்பவர்களை விட இல்லாதவர்கள்தான் கூட. சிலர் பிள்ளை காணாமல்போன நாளில் இருந்து ஒரு பாட்டும் பாடியதில்லை. இதை "மூடநம்பிக்கை" என்று நான் பல்கலைக்கழகத்தில் எழுதியிருப்பேன். அங்கே இருந்தபோது அப்படித் தோன்றவில்லை. பாடாமல் இருப்பது சிலருக்குப் பிள்ளைக்காகக் காக்கிற விரதம். அதைக் கலைக்க எனக்கு என்ன உரிமை? கடைசியில் அவர்களே ஒரு வழி கண்டார்கள். விரும்பியவர்கள் நின்று அடிக்க, மற்றவர்கள் கதிரையில் இருந்து தாளத்துக்குக் கால் தட்டினார்கள். இப்போதும் அப்படித்தான் நடக்கிறது.

இன்னொரு எதிர்ப்பை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஒரு அம்மா வருவதை நிறுத்திவிட்டார். போய்க் கேட்டால், மருமகன் சொன்னாராம், "வேலை செய்ய ஏலாது எண்டவ, ட்ரில் செய்ய மட்டும் ஏலும்" என்று. பெண்ணுக்கு நோயாளியாக இருக்கும்போது மட்டும்தான் ஓய்வு கிடைக்கிறது. சுகம் வந்தால் மூன்று பேரப்பிள்ளைகளும் அடுப்படியும் மீண்டும் தலையில் ஏறும். சுகமாவதற்கே பயப்படவேண்டிய நிலையில் அவர் இருந்தார். இதற்கு என்னிடம் மருந்து இல்லை. மருமகனோடு கதைத்தேன். அம்மா இப்போது இரண்டு கூட்டத்துக்கு ஒரு தரம் வருகிறார்.

முற்றம் கூட்டுவதும் தேங்காய் துருவுவதும் பயிற்சிதானே என்று கேட்பவர்களுக்கு: அசைவு என்ற வகையில் நல்லது. ஆனால் முழுநேரமும் குனிந்து செய்வது முதுகைக் கெடுக்கும். விளக்குமாறுக்கு நீளத் தடி போடுங்கள். துருவுபலகையை விட்டு மேசைத் துருவலைக்கு மாறுங்கள். உடம்பு பாரம் கூடியவர்கள் ஒரு கிலோ குறைத்தாலும், நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் இறங்கும் பாரம் நாலு கிலோ அளவில் குறையும்.

சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் பயிற்சி செய்ய வேண்டாம், காலில் புண் இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். நெஞ்சு நோ, தலைச்சுற்று, மூச்சு வாங்குதல் வந்தால் நிறுத்துங்கள். உடம்பில் ஷெல் துண்டோ சன்னமோ உள்ளவர்கள், செயற்கைக் கால் போட்டவர்கள் இயன்மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். பயிற்சிக்குப் பின் வரும் உளைவு அடுத்த நாள் அடங்கினால் பயமில்லை. வீங்கினால் அளவைக் குறைக்கவேண்டும். சுகாதாரத் திணைக்களத்தின் சுகவாழ்வு நிலையங்களில் 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அழுத்தம், சீனி, நிறை எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். முதலில் அங்கே போய்வருவது நல்லது. பிரதேச செயலகத்தில் முதியோருக்கென்று ஒரு உத்தியோகத்தர் இருக்கிறார். 2000ஆம் ஆண்டின் முதியோர் உரிமைச் சட்டத்தின் கீழ் வந்த ஏற்பாடு அது. மலசலகூடச் சுவரில் பிடித்து எழும்ப ஒரு இரும்புக் கம்பி பூட்டுவதற்கு உதவி கேட்டு எங்கள் சங்கம் கடிதம் எழுதியிருக்கிறது. பதில் வரும்வரை, மேசன் வேலை செய்யும் ஒருவரின் மகன் நாலு வீட்டில் மிஞ்சிய குழாயை வைத்துப் பூட்டிக்கொடுத்தார்.

முதலில் சொன்ன ஆச்சி இன்னும் தரையில் இருந்து ஒன்றையும் பிடிக்காமல் எழும்புவதில்லை. சம்பூரில் அவருடைய காணி கிடைத்துவிட்டது, வீடு இல்லை. பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போய் மண்ணில் இருந்து பொங்க வேண்டும் என்பது அவரது ஆசை. போன மாதம் கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எட்டுத் தரம் எழும்பினார். கூட்டம் முடிந்து, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய கதிரைகளை நாங்கள் அடுக்கத் தொடங்கினோம். "அத வை புள்ள" என்றார். "எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கட்டும். நான் இன்னும் ரெண்டு தரம் எழும்ப வேணும்."